பதினோராம் மாடிக் காக்கைகள்

– கதவத் தொறக்க முடியாது தாயி. நீ எத்தன வாட்டி தட்டுனாலும் இதேதான்.

– அக்கா, நான் சண்டை போட வரல. என் பேரு பவித்ரா. பல்கலைக்கழகத்துல இருந்து வர்றேன், காக்கா ஆராய்ச்சி. இந்த வீட்டுப் பின்பக்க ஜன்னல்ல இருந்து யாரோ தினமும் காக்காவுக்குச் சோறு வைக்கிறாங்க. அதப் பத்திப் பேசணும். அஞ்சு நிமிஷம்தான்.

– பேசு. கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன்.

– இந்த ஜன்னல் சந்து வழியா எப்படிப் பேசறது? ரெண்டு விரல்தான் நுழையும். உங்க கண்ணு மட்டும்தான் தெரியுது. கதவத் திறந்துட்டு இரும்புக் கேட்டுக்கு உள்ளயே நின்னு பேசுங்க, போதும்.

– சந்தே போதும். கொஞ்சம் எடப்பக்கமா ஒதுங்கி நில்லு. கதவுக்கு மேல கறுப்பா ஒண்ணு ஒட்டி வச்சிருக்கு பாரு, அதுக்கு நேரா நிக்காத.

– கேமராவா? சரி, ஒதுங்கிட்டேன். இது உங்க வீடாக்கா?

– எனக்கேது வீடு. நான் வேலைக்கு இருக்கறவ. பேரு முத்தாயி. நீ காக்காயப் பத்திச் சொல்லு.

– நாங்க இந்த மார்சிலிங் பேட்டையில நாலு பிளாக்கையும் மூணு மாசமாப் பாக்கறோம். கீழ ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் இருக்குல்ல, அதுல மட்டும் பதினாலு கூடு. இப்ப ஒரு மாசமாக் காலையில ஒரு ட்ரோன் பறக்குது, பாத்திருப்பீங்க.

– பாத்தேன். நாலு காலு, அடியில ஒத்தக் கண்ணு.

– அதேதான். என்கூட வேலை பாக்கற அர்ஃபான் கீழ நின்னு ஓட்டுவான். கூட்டுக்கு மேல நிறுத்தி எத்தன முட்டை, எத்தன குஞ்சுனு எண்ணுவோம். அப்புறம் பெரிய காக்கா எந்தப் பக்கம் பறக்குதோ அது பின்னாலயே போவோம். எங்க தீனி கெடைக்குதுனு தெரிஞ்சா அத நிறுத்திடலாம்.

– காக்கா ஒனக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு?

– அது இந்த ஊர்ப் பறவை இல்லக்கா. நம்ம பக்கத்துல இருந்து கப்பல்ல வந்து இங்க பெருகிடுச்சு. தேன்சிட்டு முட்டை, மாங்குயில் குஞ்சு, ஒண்ணையும் விடறதில்ல. முன்னாடி சுட்டுப் பாத்தாங்க. நூறு சுட்டா வேற எடத்துல இருந்து நூறு வந்து உக்காருது. சுடவே வேணாம், தீனிய நிறுத்தினா தானாக் கொறையும்னு காட்டத்தான் நான் மூணு வருஷமா அலையறேன்.

– கொறஞ்சுச்சா?

– மத்த எடத்துல எல்லாம் கொறஞ்சிடுச்சு. இங்க மட்டும் மூணு வாரத்துல அறுபது இருந்தது நூத்தி நாப்பது ஆயிடுச்சு. எங்க பேராசிரியர் கேக்கறாரு, உன் கணக்கு சரியான்னு. இப்படியே போனா அடுத்த மாசம் துப்பாக்கியோட ஆளு வருவாங்க, என் ஆராய்ச்சியத் தூக்கிக் குப்பையில போடுவாங்க. அத்தனை காக்காவும் வந்து உக்கார்றது உங்க ஜன்னல்லதான்.

– நூத்தி நாப்பதா. நான் அம்புட்டு எண்ணல.

– உங்களக் கொறை சொல்லல. எங்கம்மாவும் அமாவாசைக்கு வைப்பாங்க. வீட்டுக்காரர் தவறிட்டாரா?

– நீ அப்படியே வச்சுக்க.

– சாரிக்கா. ஆனா தினமும் வைக்கக் கூடாது, இங்க அது குற்றம். நான் எழுதிக் குடுத்தா வீட்டு ஓனர் பேருக்குக் கடுதாசி வரும். அதான், எழுதறதுக்கு முன்னாடி நேர்ல ஒரு தடவ சொல்லிடலாம்னு வந்தேன்.

– ஓனர் பேருக்கா. எழுதாத தாயி. அது அவ கைக்குப் போச்சுன்னா பின்னால உள்ள ஜன்னலையும் அடைச்சுப்புடுவா.

– ஜன்னலையும்னா? வேற எத அடைச்சிருக்காங்க?

– நீ இம்புட்டு நேரமா தட்டுனியே, அதைத்தான்.

– இருங்க. கேட்ல பூட்டு வெளிப்பக்கமாத் தொங்குது.

– ஆமா.

– உள்ள நீங்க இருக்கீங்க.

– நானும் பெரியவரும். சுதாம்மாவோட அப்பா. ஒரு பக்கம் விழுந்து படுத்த படுக்கையாக் கெடக்காரு, பேச்சு கெடையாது. சுதாம்மாதான் இந்த வீட்டுக்காரி. தேக்காக் கடைத்தெருவுல துணிக்கடை வச்சிருக்கா. காலையில ஏழரைக்குப் பூட்டிட்டுப் போனா ராத்திரி பத்துக்குத்தான் வருவா.

– உங்ககிட்ட சாவி இல்ல?

– சாவி இருந்தா மொதத் தட்டுக்கே தொறந்திருப்பேனே.

– எத்தன நாளா இப்படி?

– பொங்கல் கழிஞ்ச மறுவாரத்துல இருந்து.

– அக்கா, இப்ப ஜூன்.

– அப்ப ஆனி பொறந்திருக்கும்.

– எப்படி... ஏன் இப்படிப் பண்ணாங்க? மொதல்ல இருந்தே இப்படித்தானா?

– இல்ல, பொய் சொல்லக் கூடாது. ஏஜெண்டு மூலமா அறந்தாங்கிப் பக்கத்துல இருந்து வந்தேன். மொத வருசம் நல்லாத்தான் வச்சிருந்தா. மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழம லீவு. காளியம்மன் கோயிலுக்குப் போவேன், தேக்காவுல ஒக்காந்து நம்ம ஊருப் பக்கத்துப் பொம்பளைகளோட பேசுவேன். அதுல ஒருத்தி சொன்னா, ராத்திரியும் முழிச்சுக்கிட்டு நோயாளியத் திருப்பிப் போடறியே, ஒடம்பு என்னத்துக்காகும், கேளு, கேக்கறதுக்கு ஆளு இருக்காகன்னு. நானும் வாயத் தொறந்து சுதாம்மாகிட்ட கேட்டுப்புட்டேன்.

– அதுக்கா?

– அதுக்குத்தான். அடுத்த ஞாயிறு லீவு இல்லன்னா. அதுக்கடுத்து, போனு ரிப்பேரு, குடு பாத்துட்டுத் தர்றேன்னு வாங்குனா. வாங்குனவ குடுக்கல. பொறவு ஒரு நாள் சொன்னா, ஒன் வேலைப் பெர்மிட்டு முடிஞ்சு போச்சு, வெளிய தலையக் காட்டுனா போலீசு புடிச்சு செயில்ல போட்டுரும், ஒன் நல்லதுக்குத்தான் பூட்டறேன்னு. நான் போயிட்டா அப்பாவப் பாத்துக்க ஆளு இல்லன்னு அவளுக்குப் பயம். அந்தப் பயத்துக்கு என்னயப் பூட்டிப்புட்டா.

– யாரையும் கூப்பிடலையா? காரிடார்ல போறவங்க?

– இது கோடி வீடு. லிப்டு அந்தக் கோடியில. பக்கத்து வீடு காலி. ஒரு தடவ ஒரு சீனத் தாத்தா கடை விளம்பரத் தாள் செருக வந்தாரு. கத்துனேன். அவருக்கு நம்ம பேச்சு தெரியல, பயந்துக்கிட்டுப் போயிட்டாரு. அவ கேமராவுல பாத்துட்டா. அன்னைக்கே வந்து இந்தக் கண்ணாடிப் பலகையெல்லாம் பசை போட்டு ஒட்டுனா. இந்த ஒண்ணு மட்டும் பிடிக்காம விட்டுப்போச்சு. பின்னாடி ஜன்னலுக்குக் கம்பி போட்டிருக்கு. பதினோரு மாடிக்குக் கீழ எவன் காதுல விழும்?

– நான் போலீஸக் கூப்பிடறேன்.

– வேணாம் தாயி. செயிலு...

– உங்களுக்கு ஜெயில் இல்லக்கா. பெர்மிட் முடிஞ்சிருந்தா அது அவங்க புதுப்பிக்காம விட்ட தப்பு. பூட்டி வைக்கறது அதவிடப் பெரிய தப்பு. யாரும் உங்களப் புடிச்சுட்டுப் போக மாட்டாங்க.

– அவ அப்படிச் சொல்லலையே.

– அவங்க எப்படிச் சொல்லுவாங்க?

– சரி, அத விடு. மொதல்ல எனக்கு ஒண்ணு செய்வியா? எம் மக கண்மணிக்கு ஒரு போனு போடு. போனப் புடுங்கறப்ப அவளுக்கு ஏழு மாசம். தலைச்சன். வயித்துல தண்ணி கொறச்சலா இருக்கு, சாக்கிரதைன்னு டாக்டரு சொல்லியிருந்தாரு. பெத்தாளா, பொழச்சாளா, ஒண்ணும் தெரியாமக் கெடக்கேன்.

– நம்பர் சொல்லுங்க.

– அந்தப் போனுக்குள்ளதான் இருக்கு. அவ மொகம் போட்டிருக்கும், அத அமுக்குவேன். நம்பரு எனக்கு எங்க தெரியும்?

– அக்கா, இங்கயே இருங்க. அர்ஃபான்கிட்ட பேசிட்டு வந்துடறேன்.

– நான் எங்க போகப் போறேன்.

– தாயி.

– தாயி, நிக்கிறியா?

– போயிட்டியா தாயி?

– இருக்கேன், இருக்கேன். படிக்கட்டுக்குப் போயிட்டு வந்தேன். இங்க பேசினா கேமராவுல கேக்குமேன்னு. இனி சந்துக்கிட்ட வந்து மெதுவாப் பேசுவோம். ஏன்க்கா அழறீங்க?

– அழுகல. அந்தத் தாத்தாவும் இப்படித்தான் திரும்பிப் பாக்காமப் போனாரு. என்ன சொன்னாரு ஒங்காளு?

– அவன் பயப்படறான். எங்களுக்கு மரத்த மட்டும்தான் படம் எடுக்க அனுமதி. வீட்டு ஜன்னல் வந்தா கம்ப்யூட்டரே அத மங்கலாக்கிடும். அந்தப் படத்ததான் நாங்க பாக்கணும், அதுதான் ரூல். எந்த வீடுன்னு தெரியாம நான் தவிச்சேன். நேத்து மங்கலாக்காத படத்துல ஒண்ண மட்டும் திருட்டுத்தனமாத் திறந்து மாடிய எண்ணினேன். அப்படித்தான் உங்க கதவுக்கு வந்தேன்.

– அது தப்பா?

– பெரிய தப்பு. போலீஸ் மொதல்ல கேக்கறது, இந்த வீட்டுக்கு எப்படி வந்தீங்கன்னுதான். சொன்னா ட்ரோன் அனுமதி போச்சு, மூணு வருஷ வேலை போச்சு. அதான் அர்ஃபான் சொன்னான், கீழ வா, பேரு சொல்லாம ஒரு கால் போட்டுட்டுப் போயிடலாம்னு.

– சரியாத்தான சொல்லியிருக்காரு. நீ எதுக்கு எனக்காக...

– இல்லக்கா. பேரு சொல்லாமக் கூப்பிட்டா சாட்சி யாரு? போலீஸ் வர்றதுக்குள்ள சுதா வந்து பூட்டத் திறந்து வச்சுட்டு, சும்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன்னு சொன்னா? நீங்க பயத்துல தலையாட்டினா? படம் வேணும். அர்ஃபான் அத்தனை படத்தையும் இப்பத் திறந்து பாத்தான். அவன் கொரலே மாறிடுச்சு.

– என்ன பாத்தாரு?

– உங்களப் பாத்தான். மொத ஆறு நாள் நீங்க கம்பியப் புடிச்சுக்கிட்டு அட்டையத் தூக்கிக் காட்டிட்டே நிக்கிறீங்க. ட்ரோன் எதிர்லயே நிக்குது. நாங்க கீழ உக்காந்து முட்டை எண்ணிட்டு இருந்திருக்கோம்.

– பெரியவரு டயப்பரு வந்த அட்டைப்பெட்டி அது. கிழிச்சு, கொட்டையா எழுதுனேன். உள்ள வச்சுப் பூட்டிட்டாக, காப்பாத்துங்கன்னு. எழுத்து தெரியுதாமா?

– நல்லாத் தெரியுதாம். எனக்கு வந்த படத்துல மட்டும் உங்க ஜன்னல் வெறும் சாம்பல் கட்டம். என்ன மன்னிச்சுருங்க.

– இங்க பாரும்மா. யாரு நீ? என் வீட்டு வாசல்ல உனக்கு அரை மணி நேரமா என்ன வேலை?

– யாரு பேசறது?

– அவதான் தாயி. சுதாம்மா. அந்தக் கறுப்புக்குள்ள இருந்து பேசுவா.

– முத்தாயி, நீ உள்ள போ. அப்பாவுக்கு மருந்து குடுக்கற நேரம். பொண்ணே, நான் டாக்சில ஏறிட்டேன். நான் வர்றதுக்குள்ள நீ கெளம்பிட்டா ரெண்டு பேருக்கும் நல்லது.

– மேடம், கேட்ட வெளிய பூட்டிட்டு உள்ள ஆள வச்சிருக்கீங்க.

– அவங்க பாதுகாப்புக்குத்தாம்மா. நீ யாருன்னு இப்பத் தெரிஞ்சிடுச்சு. கழுத்துல அட்டை தொங்குது, காக்கா ஆளுங்கதான? நீங்க ட்ரோன் விட்டு என் வீட்டு ஜன்னலப் படம் எடுத்தீங்களா? அத நான் எழுதிப் போட்டா உன் படிப்பு என்ன ஆகும்னு யோசி. நானும் நல்லவதான், யாரையும் கெடுக்கணும்னு இல்ல. நீ ஒண்ணும் பாக்கல, நானும் ஒண்ணும் பாக்கல. போயிடு.

– போகலன்னா?

– முத்தாயி, நீ சொல்லு இவகிட்ட. உன் மகளுக்குக் கொழந்தை பொறந்து மூணு மாசம் ஆச்சு. படம்லாம் அனுப்பியிருக்கா, என்கிட்டதான் இருக்கு. ஆம்பளையா பொம்பளையான்னு தெரிய வேணாமா உனக்கு? இந்தப் பொண்ண அனுப்பிட்டு அமைதியா இரு. சாயங்காலம் போனைக் கையில தர்றேன். பேசிக்கோ, எவ்ளோ நேரம் வேணும்னாலும் பேசிக்கோ.

– அக்கா, அவங்க சொல்றத நம்பாதீங்க.

– தாயி, நீ போயிரு.

– அக்கா.

– போயிரு. சாயங்காலம் தர்றேங்கறா. எம் புள்ள கொரலக் கேட்டுட்டா எனக்கு அது போதும். அஞ்சு மாசம் இருந்துட்டேன், இன்னம் கொஞ்ச நாள் இருந்துக்கறேன். ஒனக்கும் வம்பு வேணாம்.

– கேட்டியாம்மா? அவங்களே சொல்லிட்டாங்க. நாங்க ஒரே குடும்பமா இருக்கோம். நடுவுல நீ எதுக்கு?

– நான் போகல மேடம். அக்கா, நீங்க போகச் சொன்னாலும் நான் படிக்கட்டுல போய் உக்காந்துக்குவேன். உங்கள விட்டுட்டுக் கீழ எறங்கினா அந்தப் படத்த நான் எப்படித் திரும்பப் பாப்பேன்? ஆனா கூப்பிடறதா வேணாமான்னு நீங்க சொல்லுங்க. உங்களக் கேக்காம இன்னொருத்தர் முடிவு பண்ண வேணாம். ஏற்கெனவே எல்லாரும் அதத்தான் பண்ணிட்டு இருக்காங்க.

– முத்தாயி, நான் இப்ப புக்கித் தீமா ரோட்டுல வர்றேன். யோசிச்சுப் பேசு.

– சுதாம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். படம் அனுப்புனதாரு? கண்மணியா, மருமகனா?

– உன் மகதான். கொழந்தைய மடியில வச்சுக்கிட்டு அவளே எடுத்த படம். போதுமா?

– போதும்.

– நல்லது. இப்ப அவள அனுப்பு.

– தாயி.

– சொல்லுங்கக்கா.

– எம் மக உசுரோட இருக்கா. கேட்டேல்ல? மடியில வச்சுக்கிட்டு எடுத்திருக்கா. என்ன புள்ளைன்னு நான் ஊருக்குப் போயி நேர்லயே பாத்துக்கறேன். நீ கூப்பிடு.

– முத்தாயி, நன்றி கெட்டவளே, உனக்கு நான் என்ன கொறை வச்சேன்?

– பூட்டத் தவர ஒண்ணும் கொறையில்ல சுதாம்மா. பெரியவருக்கு மருந்து குடுத்துட்டு வர்றேன், பதினொண்ணரை ஆச்சு. அவரு பாவம் பண்ணல. தாயி, நீ பேசிட்டு இரு.

– குடுத்தாச்சாக்கா?

– குடுத்தேன். அவரு கையப் புடிச்சுக்கிட்டாரு. அவருக்கும் வெளங்குது போல. கூப்பிட்டியா?

– கூப்பிட்டேன். என் பேரு, நம்பர், ட்ரோன், மங்கலாக்காத படத்தத் திறந்தது, ஒண்ணு விடாமச் சொல்லிட்டேன். சுதா புகார் குடுக்க எதுவும் மிச்சம் இல்ல. எங்க பேராசிரியருக்கும் நானே செய்தி அனுப்பிட்டேன்.

– அவரு என்ன சொன்னாரு?

– இன்னும் பதில் இல்ல. நாளைக்கு இந்த அட்டை என் கழுத்துல இருக்குமான்னு தெரியாது. அர்ஃபான் மட்டும் அனுப்பியிருந்தான். படத்த எல்லாம் பத்திரமா எடுத்து வச்சிட்டானாம். பெரியவருக்கும் ஆம்புலன்ஸ் கேட்டிருக்கேன், அவரத் தனியா விட மாட்டாங்க. போலீஸ் பத்து நிமிஷத்துல வந்துடும். பூட்ட அறுக்கற ஆளும் வர்றாங்க.

– அவ முன்ன வந்துட்டா?

– வரட்டும். நான் கேட்டுக்கு முன்னாடி உக்காந்துட்டேன். என்னத் தாண்டித்தான் போகணும்.

– அந்தக் கறுப்பு இப்ப ஒண்ணும் பேசலையே.

– ரொம்ப நேரமாப் பேசல. அக்கா, ஒண்ணு கேக்கவா? அர்ஃபான் கேக்கச் சொன்னான். ஆறு நாள் அட்டையக் காட்டினவங்க ஏழாம் நாள்ல இருந்து காட்டவே இல்ல. அதுக்கப்புறம் சோத்துத் தட்டுதான் இருக்கு. ஏன் விட்டுட்டீங்க? நாங்க வர மாட்டோம்னு வெறுத்துப் போச்சா?

– அந்த எந்திரம் மனுசரப் பாக்காதுன்னு ஆறு நாள்ல தெரிஞ்சு போச்சு தாயி. ஏழாம் நாள் பெரியவரு குடிக்காம விட்ட கஞ்சிய ஜன்னல்ல கொட்டுனேன். ரெண்டு காக்கா வந்து ஒக்காந்துச்சு. அந்தால மரத்து மேல நின்ன எந்திரம் திரும்பி வந்து என் மூஞ்சிக்கு நேரா நின்னுச்சு. காக்கா பறந்துச்சு, அதுவும் போயிருச்சு. மறுநா பத்துக் காக்கா வந்துச்சு, அது பத்து நிமிசம் நின்னுச்சு.

– அப்போ உங்க வீட்டுக்காரருக்குத் திதின்னு நான் நெனச்சது...

– அந்த மனுசன் அறந்தாங்கியில ஆடு மேச்சுக்கிட்டு நல்லாத்தான் இருக்காரு. மூணு வாரமா எம் பங்குச் சோத்துல பாதிய எடுத்து வச்சது காக்காவுக்கில்ல தாயி. ஒன்னயக் கூப்பிட.